பெயர் கேட்காமல் விட்ட அந்த அம்மாவுக்கு

ஸ்பெயினின் சாந்தியாகோ யாத்திரைப் பாதையில், காரியோன் தே லோஸ் கோந்தெஸ் ஊரைத் தாண்டினால் சுமார் 17 கிலோமீட்டருக்கு ஊரே கிடையாது. பாதி வழியில் குதிகால் கொப்புளம் உடைந்து உட்கார்ந்துவிட்டேன். 780 கிலோமீட்டர் நடந்து என்னைத் தேடப் போகிறேன் என்று கிளம்பியவன், அப்போது தேடியது ஒரு துண்டு பிளாஸ்திரியைத்தான்!

நீங்கள் வந்தீர்கள் அம்மா. உங்கள் மொழி எனக்குத் தெரியாது. மண்டியிட்டு, என் அழுக்குக் காலுறையைக் கழற்றி, குடிக்க வைத்திருந்த தண்ணீரிலேயே கழுவி, மருந்து போட்டுக் கட்டினீர்கள். முகத்தில் அருவருப்பே இல்லை, எனக்குத்தான் கூச்சம். அப்புறம் உங்கள் காலுறை ஒன்றை மாட்டிவிட்டு, பாதைக்கு வழிகாட்டும் மஞ்சள் அம்புக்குறியைக் கையால் காட்டிவிட்டுப் போய்விட்டீர்கள்.

பாதை முடியும் சாந்தியாகோ பேராலய வாசலில் அந்தக் காலுறையோடுதான் நின்றேன். ரொம்ப நன்றி அம்மா.