மூக்குப்பேணியில் தொடங்கும் வருடம்

கொக்குவில்,
மார்கழி முதல் வாரம்.

அன்புள்ள வதனி,

உன் கடிதம் வந்து நான்கு மாதமாகிறது. காரணம் சொன்னால் நீ நம்பமாட்டாய், நம்பினாலும் மன்னிக்கமாட்டாய். எல்லோரும் சுகம். மாமிக்கு மாரியோடு முழங்கால் வலி கூடியிருக்கிறது. கிணறு நிரம்பிவிட்டது. இவர் வழக்கம்போல உன்னை விசாரித்தார். இனிச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

மகளை முன்பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டேன்.

தரம் ஒன்றுக்குப் படிப்பிக்கிறவள் நீ. உன் புருவம் எவ்வளவு உயரத்துக்குப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்துக் கேள்.

ஐப்பசியில் ஒருநாள் அவளுடைய கொப்பியைத் திறந்தேன். பக்கம் முழுவதும் 'அ'. முதல் வரி ரீச்சர் சிவப்பு மையில் எழுதியது, கீழே எல்லாம் அவளுடையவை. நான்காவது வரியில் ஓர் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. அழிறப்பரால் அழித்து, எழுதி, மறுபடி அழித்துக் கடதாசி நைந்து கிழிந்திருந்தது. நான் பார்ப்பதைக் கண்டு கிட்ட வந்தாள். சுண்டுவிரலை அந்த ஓட்டைக்குள் விட்டு மறுபக்கத்தால் நீட்டிக் காட்டினாள். "என்னுடைய அ இதற்குள் விழுந்துவிட்டது அம்மா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தூக்கி வைத்துச் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் அதை நடந்துபோன ஒரு விஷயமாகச் சொன்னாள், வதனி. நான்கு வயதுகூட நிரம்பாத பிள்ளை தனக்கு எழுத வராது என்று முடிவு கட்டிவிட்ட குரல் அது.

ரீச்சரில் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தனை பிள்ளைகளுக்கும் அவர் ஒருவர்தான், சம்பளமும் சொற்பம். தாய்மார் வாசலில் நின்று கேட்பதும் "இன்றைக்கு எத்தனை பக்கம்?" என்பதைத்தான். நானும் கேட்டிருக்கிறேன். அதனால்தான் கோபம் எந்தப் பக்கம் திரும்பினாலும் என்னிடமே வந்து நிற்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று நீ கேட்பாய். நம் நாட்டில் 5 வயதிலிருந்து 16 வரைதான் கட்டாயக் கல்வி. மேல் எல்லையை 14இலிருந்து 16 ஆக்கியது 2016இல். அவளுக்கு நான்கு முடிந்தது போன மாதம். வருகிற தை தொட்டு மார்கழி வரை ஒரு முழு வருடம் என் கையில் இருக்கிறது. அதற்கு அடுத்த தையில் தரம் ஒன்றுக்குப் போகத்தான் போகிறாள். இந்த ஒரு வருடத்தை எப்படி நடத்துவது என்றுதான் இரண்டு மாதமாக, சின்னப் பிள்ளைகளின் கல்விக்கு ஒரு தனிமுறை வகுத்த இத்தாலியரான மொண்டிசோரி அம்மையாரைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு அவரைப் பெயரளவில்தான் தெரிந்திருந்தது. மருத்துவர் என்பதும், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளோடு வேலை செய்துதான் தன் கருவிகளைக் கண்டுபிடித்தார் என்பதும் புதிது. 1907இல் ரோமில் அவர் தன் முதல் 'குழந்தைகள் வீட்டை'த் திறந்தது சான் லோரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில். பெற்றோர் வேலைக்குப் போனபின் படிக்கட்டில் அலைந்த பிள்ளைகள் அவர்கள். இன்றைக்கு அவருடைய பெயரைப் போட்டு விற்கும் மரச் சாமான்களின் விலையைப் பார்த்தால் அந்தப் பிள்ளைகள் கடைவாசலைக்கூட மிதித்திருக்க முடியாது. பிறகு 1939இல், எழுபதை நெருங்கும் வயதில், பிரம்மஞான சபை அழைத்து அடையாறுக்கு வந்திருக்கிறார். யுத்தத்தில் இத்தாலி எதிரிநாடாகிவிட, திரும்ப முடியாமல் சென்னையிலும் கொடைக்கானலிலும் 1946 வரை இருந்தார். தமிழ்ப் பிள்ளைகளின் பேச்சு அவர் காதில் விழுந்திருக்கும் என்று நினைக்கும்போது அவர் எனக்கு அந்நியராகத் தெரியவில்லை.

அவர் சொல்வதில் என்னைப் பிடித்து உலுக்கியது ஒன்றுதான். கை முதலில். எழுதுகோல் பிடிப்பதற்கு வெகு முன்பே கை ஆயிரம் வேலை செய்திருக்க வேண்டும். ஊற்றுவது, துடைப்பது, மடிப்பது, தெறி பூட்டுவது. பிறகு எழுத்தை மணற்கடதாசியில் வெட்டிப் பலகையில் ஒட்டி, சுட்டுவிரலாலும் நடுவிரலாலும் எழுதுகிற திசையிலேயே தடவி, கூடவே ஒலியைச் சொல்ல வேண்டும். கண், காது, விரல் மூன்றும் ஒன்றாகப் படிக்கின்றன. அந்த ரோமாபுரிப் பிள்ளைகள் நான்கு வயதில், வாசிக்கத் தொடங்கும் முன்பே, தாமாக எழுதத் தொடங்கினார்களாம்.

நீயும் நானும் எழுத்துப் படித்தது எப்படி? 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வுக்குப் பிறகு தென்மராட்சியில், கொப்பியும் இல்லை பென்சிலும் இல்லை. வேப்பமரத்து அக்கா மணலைப் பரப்பி நம் விரலைப் பிடித்தார். கையெழுத்துக்காரியே, நீ போட்ட 'ழ'வை யாரும் மிதிக்கக்கூடாதென்று சுற்றிவரக் கல் வைத்தாரே, அதற்காக நீ இரண்டு நாள் யாரோடும் பேசாமல் திரிந்தாயே, மறக்கவில்லை. அந்த மணலில் யாருக்கும் ஓட்டை விழவில்லை. பிழைத்தால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினோம், அவ்வளவுதான். அந்த நாட்களை நான் நல்ல நாட்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் எழுத்து அங்கே எங்களைப் பயமுறுத்தவில்லை.

இப்போது எனக்கும் மாமிக்கும் நடக்கும் வழக்குக்கு வருகிறேன். நான் 'ட'வில் தொடங்கப் போகிறேன். மேலிருந்து ஒரு கோடு, பிறகு வலப்பக்கம் ஒரு கோடு. அடுத்தது ப, பிறகு ம. 'அ' சுழியும் வளைவும் கோடுமாக எவ்வளவு கடினமான எழுத்து என்று ஒரு தடவை மெதுவாக எழுதிப் பார். மாமிக்கு இது பெரிய அபசாரம். அரிவரி அகரத்தில்தான் தொடங்க வேண்டும் என்று இரண்டு நாள் சாப்பாட்டில் உப்புக்கூடக் கேட்கவில்லை. கடைசியில், விஜயதசமியில் ஏடு தொடக்கியபோது பச்சரிசியில் ஐயர் கைபிடித்து எழுதியது 'அ' தானே, அந்தத் தொடக்கம் எப்போதும் தொடக்கம்தான் என்று சொன்னேன். அது அவருக்குப் பொருந்தியது. எனக்கும் அது வெறும் சமாளிப்பு அல்ல, அப்படித்தான் நம்புகிறேன்.

டவும் பவும் மவும் புள்ளியும் தெரிந்தால் 'படம்', 'மடம்', 'பட்டம்' எழுதிவிடலாம், வதனி! அடுத்த தைக் காற்றில் பட்டம் ஏறும்போது அது அவள் எழுதத் தெரிந்த சொல்லாக இருக்கும்.

இனி நீ உதவ வேண்டிய இடம். எழுத்தட்டைகளை அடுக்கிச் சொல் கட்டும் பயிற்சி ஒன்று உண்டு. இத்தாலிய மொழிக்கு அது சுலபம். நமக்கோ 247 எழுத்து. 'பெட்டி' என்று சொல்லும்போது பிள்ளையின் காதில் முதலில் விழுவது ப், ஆனால் அட்டையில் முதலில் வைக்க வேண்டியது கொம்பு. 'க'வை எடு. கடல், பகல், தங்கம் என்று ஒரே எழுத்து மூன்று விதமாக ஒலிக்கிறது. மூன்று இரவு இதே யோசனை. கடைசியில் 18 மெய்யைச் சிவப்பிலும் 12 உயிரை நீலத்திலும் வெட்டியிருக்கிறேன், மொத்தம் 30 வகை அட்டை. முதலில் ப், எ, ட், ட், இ என்று காதில் விழுந்தபடியே அடுக்கட்டும். சிவப்பும் நீலமும் சேர்ந்து ஒரே எழுத்தாகும் அதிசயத்தை ஆவணிக்குப் பிறகு காட்டலாம் என்பது என் திட்டம். உயிர்மெய் என்ற பெயரே அதைத்தானே சொல்கிறது. ஆனால் தரம் ஒன்றில் முழு உயிர்மெய்யாகப் பார்க்கும்போது பிள்ளை குழம்புமா? உன்னைத் தவிர யாரைக் கேட்பேன்?

கணக்குக்கு எனக்குக் கவலையே இல்லை. ஒன்றிலிருந்து ஒன்பது வரை கூட்டினால் 45. மாமி 45 தென்னை ஈர்க்கு சீவித் தந்தார் (உப்புக் கேட்காத காலத்துக்குப் பிறகு). பத்து அறை உள்ள பெட்டியில் எண்ணிப் போட வேண்டும், முதல் அறை பூச்சியத்துக்கு. எல்லாம் போட்டு முடித்துக் கையில் ஒன்றும் மிஞ்சாதபோது அவள் அந்த வெறும் அறைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். நெடுநேரம். நான் வாய் திறக்கவில்லை. பத்துப் பத்தாகக் கட்டினால் பதினொன்று 'பத்தும் ஒன்றும்' என்று தமிழே சொல்லிக்கொடுத்துவிடும். தொண்ணூறு மட்டும்தான் நூற்றின் வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறது, அதை அவளிடம் ஒரு கதையாகச் சொல்லுவேன்.

வருடத்தை மாதவாரியாக எழுதிச் சுவரில் ஒட்டினேன், பிறகு கிழித்துவிட்டேன். நம் ஊருக்கு வருடம் தானாகவே வகுத்து வைத்திருக்கிறது. தை, மாசியில் பனங்கிழங்கு. அவித்த கிழங்கைத் தோலுரித்து, இரண்டாகப் பிளந்து, நடுத்தும்பை இழுத்தெடுத்து, நார் நாராகக் கிழிப்பதைவிடச் சின்ன விரல்களுக்கு வேறு என்ன பயிற்சி வேண்டும்? ஆடியில் கூழுக்கும் கொழுக்கட்டைக்கும் மாப் பிசைவாள். சோளகக் காற்று வீசும்போது சுளகில் புடைக்கப் பழகுவாள். பனம்பழம் விழும் நாளில் கொட்டையைப் பாத்தியில் புதைத்தால் அடுத்த தையில் அது கிழங்கு. ஒரு விதைக்காக அத்தனை மாதம் காத்திருப்பதை எந்தக் கொப்பியில் எழுதிக்கொடுக்க முடியும்?

இப்போதைக்கு அம்மம்மாவின் மூக்குப்பேணிதான், ஊற்ற மூக்கு வைத்த அந்தப் பாத்திரம்தான், எங்கள் பாடசாலை. இரண்டு கிழமை பயறு ஊற்றினாள், நேற்றுத் தண்ணீருக்கு மாறினோம். நாக்கைக் கடித்துக்கொண்டு, பேணியின் மூக்கைக் கிண்ணத்துக்கு நேரே பிடித்து, மூச்சை அடக்கிச் சாய்க்கிறாள். சிந்தினால் நான் சொல்லத் தேவையில்லை, தரையிலுள்ள தண்ணீர் சொல்லிவிடுகிறது. பக்கத்தில் வைத்த துணியால் தானே துடைக்கிறாள். சின்னவன் இரண்டு கையையும் மடியில் வைத்துக் கோயிலில் இருப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஒரு பயம் மட்டும் இரவில் வருகிறது. நம் காலத்தில் இந்த ஒழுங்கையில் எத்தனை பிள்ளைகள்! இப்போது வடக்குப் பக்கம் நான்கு வீட்டுக்குப் பூட்டு, ஆட்கள் வெளிநாட்டில். முன்பள்ளியில் அழுகையோ சிரிப்போ, கூட்டம் இருந்தது. அதை நான் பறித்துவிட்டேனோ? மூன்றிலிருந்து ஆறு வயது வரை ஒன்றாக இருக்க வேண்டும் என்றுதான் மொண்டிசோரியும் சொல்கிறார். மூலைவீட்டுத் தாய் தன் மகனைக் காலையில் அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். இன்னும் இரண்டு பேர் கிடைத்தால் நிம்மதியாகத் தூங்குவேன்.

விடுமுறையில் வா. ஒருநாள் முழுவதும் அவளோடு இருந்து பார், பிறகு எனக்குச் சொல். முகத்துக்காகச் சொல்லாதே. தரம் ஒன்று ரீச்சராகச் சொல்.

வரும்போது உங்கள் பக்கத்துப் பன்பாய் சின்னதாக நான்கு வேண்டும், மூன்றடிக்கு இரண்டடி. பிள்ளைகள் தங்கள் வேலையை ஆளுக்கொரு பாயில் வைத்துச் செய்து, முடிந்ததும் சுருட்டி வைக்க வேண்டும். சுருட்டுவது அவர்கள் கைக்கு அடங்க வேண்டும், அதனால் தடித்த பாய் வேண்டாம். காசு நீ வந்ததும் தருகிறேன், வாங்கமாட்டேன் என்று சண்டை பிடிக்காதே.

அன்புடன்,
உன் சுகந்தி