கோல்ஃப் மட்டையின் எண்ணைப் பார்த்து வாங்காதே

டர்பன்

அன்புள்ள நண்பா,

பதில் தாமதமாகிவிட்டது, திட்டிக்கொள். இங்கே எல்லாரும் நலம். அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

ரிட்டயர் ஆனதும் கோல்ஃப் என்கிறாய். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கட்டும். 3, 4 அயர்னோடு (இரும்புத் தலை மட்டைகள், எண் குறைந்தால் நீளம் கூடும்) முழு செட் வாங்கப்போவதாக எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் இந்த அவசரக் கடிதம். அந்த இரண்டையும் தொடாதே. நல்ல வேகத்தில் சரியாக நடுவில் பட்டால்தான் அவற்றில் பந்து எழும்பும். பதிலாக ஹைப்ரிட் வாங்கு, அது பருத்த தலையுள்ள மட்டை. அதில் எடை அடியிலும் பின்பக்கமும் இருக்கிறது; கொஞ்சம் தப்பிப் பட்டாலும் மேலே கிளம்பிவிடும்.

கடைக்காரர் "4 அயர்னுக்குப் பதில் 4 ஹைப்ரிட்" என்பார். தலையாட்டாதே! எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், லாஃப்டைக் கேள், அதாவது மட்டை முகம் சாய்ந்திருக்கும் கோணம். நீ நம்பி அடிக்கும் அயர்ன்களில் நீளமானது எது? 7 என்று வை, அதன் லாஃப்ட் 30 டிகிரி என்றால் 26-இல் ஒரு ஹைப்ரிட், 22-இல் ஒன்று. இரண்டு போதும். பையில் 14 மட்டை வரை வைக்கலாம் என்பதற்காக நிரப்பவேண்டியதில்லை. 19 டிகிரிக்குக் கீழே ஆசைப்படாதே. மெதுவாகச் சுற்றுகிறவனுக்கு அதில் பந்து தாழப் போகும், 22-ஐவிடத் தூரமும் கூடாது.

ஷாஃப்ட், அதாவது மட்டையின் தண்டு, கிராஃபைட்தான். டிரைவரை (முதல் அடிக்கான நீள மட்டை) நீ சுற்றும் வேகம் மணிக்கு 135 கிலோமீட்டருக்குள் என்றால் நன்றாக வளையும் சீனியர் தண்டு, அதற்கு மேல் 150 வரை சற்று விறைப்பான ரெகுலர். உன் கோபத்தை நம்பி இன்னும் விறைப்பான ஸ்டிஃப் கேட்காதே; பந்து தாழ்ந்து வலப்பக்கம் ஓடும். ஹைப்ரிட்டுக்கு இயல்பாகவே இடப்பக்கம் இழுக்கும் குணம் உண்டு. உன் பந்து வலப்பக்கம் வளைகிறதா, ஆஃப்செட் (மட்டை முகம் தண்டுக்குச் சற்றுப் பின்தள்ளி இருப்பது) உள்ளதை எடு. ஏற்கெனவே இடப்பக்கம் போகிறதென்றால் அது வேண்டாம்.

பழையது வாங்கினால் லாபம். தலையைப் பிடித்து ஷாஃப்டைத் திருகிப் பார், அசையக்கூடாது. குலுக்கினால் சத்தம் வந்தால் உள்ளே பசை உதிர்ந்திருக்கிறது. யாராவது ஷாஃப்டை வெட்டியிருக்கிறார்களா என்று அளந்து பார். 22 டிகிரிக்கு ஏறத்தாழ 40 அங்குலம். கிரிப் (கைப்பிடி உறை) தேய்ந்திருந்தால் கவலையில்லை, மாற்றிக்கொள்ளலாம்.

அடிக்கும்போது பந்தை நடுவுக்குச் சற்று முன்னால் வை. அயர்ன் மாதிரி இறக்கி அடி. தூக்கிவிட நினைத்தால் பந்தின் தலையில்தான் படும். இங்கே வந்தால் கிக்குயு என்னும் அடர்ந்த புல் உன்னைச் சோதிக்கும். பந்து பாதியாவது தெரிந்தால் ஹைப்ரிட்டை எடு; முழுதும் புதைந்திருந்தால் புல் மட்டையின் கழுத்தைச் சுற்றிப் பிடித்து அதன் முகத்தை இடப்பக்கம் திருப்பிவிடும், வெட்ஜால் (லாஃப்ட் அதிகமுள்ள குட்டை மட்டை) வெளியே தட்டு. இங்கே கடற்கரையில் பந்து போகும் தூரமும் குறையும். ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே 150 மீட்டர் போவது கடற்கரையில் 135-ஐத் தாண்டினாலே பெரிது.

இடக்கையைக் கீழே வைத்துக் கைமாற்றிப் பிடிப்பதாக எழுதியிருக்கிறாய். இந்த ஊர் இந்தியர் பாப்வா சேவ்கோலம் நிறவெறிக் காலத்தில் அப்படிப் பிடித்தே 1963-இல் நேட்டால் ஓப்பன் கோல்ஃப் போட்டியில் ஜெயித்தார். வெள்ளைக்காரர்கள் கிளப்புக்குள் இருக்க, கோப்பையை அவருக்கு வெளியே மழையில் கொடுத்தார்கள். இன்றும் நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது. ஆனால் நீ பாப்வா இல்லையடா. நீ பிடிக்கும் விதத்தை ஒரு கோச்சிடம் காட்டிவிடு.

7 அயர்னின் லாஃப்டைக் கேட்டு எழுது. அதுவரை பர்ஸைத் திறக்காதே.

உன்
பழைய பெஞ்சுக்காரன்