பேச்சிப்பாறை 48, பெருஞ்சாணி 77

குலசேகரம்,
ஐப்பசி, மழை விடாத ஒரு மத்தியானம்

அன்புள்ள தாசு,

முதலில் உன் ஏச்சை வாங்கிக்கொள்கிறேன். கண் ஆபரேஷனுக்கு வரவில்லை, பேரன் காதுகுத்துக்கு வரவில்லை, "அப்புறம் கூப்பிடுறேன் மக்கா" என்று போனை வைத்தவன் நாலு மாதமாகக் கூப்பிடவில்லை. எல்லாம் வாஸ்தவம். கண் இப்போது எப்படி? நீயே வாசிக்கிறாயா, மருமகள் வாசித்துச் சொல்கிறாளா? மருமகள் என்றால் இந்தப் பத்தியோடு நிறுத்தச் சொல். பாக்கி உனக்கு மட்டும்.

இங்கே லில்லிக்கு மூட்டுவலி, எனக்குச் சர்க்கரை, ரப்பர் விலை வழக்கம்போல. லஸ்கர் ராசையன் போன மாதம் போய்ச் சேர்ந்தான். உன் டார்ச் லைட்டைப் பற்றி அவன் மகனிடம் கேட்டேன். அப்படி ஒரு சாமானே வீட்டில் இல்லையாம். முப்பது வருஷக் கடன், எழுதித் தள்ளிவிடு.

இனி விஷயம். சுபா எங்களை அலாஸ்காவுக்குக் கூட்டிப்போகிறாளாம். கப்பலில். பனியாறு பார்க்க. சிரிக்காதே. ஜூன் மாதம் வான்கூவரில் அவள் வீட்டுக்குப் போய், அங்கிருந்து ஏழு ராத்திரி கப்பலில். "அப்பா, மூணு நாலு பிளான் அனுப்பியிருக்கேன், எது பிடிச்சிருக்குன்னு சொல்லுங்க, எல்லாம் ஏறக்குறைய ஒண்ணுதான்" என்றாள். ஏறக்குறைய ஒண்ணுதான் என்று ஒரு பொதுப்பணித்துறைக்காரனிடம் சொல்லலாமா? நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, டெண்டருக்குப் போடுவோமே கம்பேரட்டிவ் ஸ்டேட்மென்ட், அதேமாதிரி கட்டம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இப்போது முப்பத்திரண்டாம் பக்கம். லில்லி இந்த நோட்டை என் வைப்பாட்டி என்கிறாள்.

கப்பல் விஷயத்தில் ஒரு தமாஷ் கேள். ஹாலந்து அமெரிக்கா என்று ஒரு கம்பெனி. அவர்கள் கப்பல்களின் பெயர் எல்லாம் 'டாம்' என்றே முடியும். யூரோடாம், சான்டாம், நியூ ஆம்ஸ்டர்டாம். முதலில் நான் ஏதோ ஸ்டைல் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் நம்ம டாம்தான், அணையேதான்! ஆம்ஸ்டெல் ஆற்றில் கட்டிய அணை ஆம்ஸ்டர்டாம், ரோட்டே ஆற்றில் கட்டியது ரோட்டர்டாம், சான் ஆற்றில் சான்டாம். அணை கட்டி, அதைச் சுற்றி ஊர் வந்து, ஊர் பெயரைக் கப்பலுக்கு வைத்திருக்கிறார்கள். நம்ம ஊரில் அந்தப் பழக்கம் இருந்திருந்தால் ஒரு கப்பலுக்குப் பேச்சிப்பாறை என்று பெயர் வந்திருக்கும், ஒழுகியும் இருக்கும்.

யூரோடாம் 2008இல் வந்தது, நியூ ஆம்ஸ்டர்டாம் 2010இல். அக்காள் தங்கச்சி. ரெண்டிலும் சுமார் 2,100 பேர், ஒரே அச்சு. நீச்சல் குளம் எங்கே, சாப்பாட்டு ஹால் எங்கே என்று ரெண்டின் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் பார்த்தேன். கார்ப்பெட் நிறம் வேறாக இருக்கலாம், அவ்வளவுதான். இன்னும் பெரியதெல்லாம் உண்டு. நார்வீஜியன் பிளிஸ் என்று ஒன்று, நாலாயிரம் பேர், மேல்தட்டில் குட்டிக் கார் ரேஸ் ஓட்டலாம். பனியாறு பார்க்கப் போகிறவனுக்கு ரேஸ் எதற்கு என்று கேட்டேன். "அது குழந்தைகளுக்குப்பா" என்றாள் சுபா. நீ வந்தால் முதல் ஆளாக வரிசையில் நிற்பாய்.

ஒரு வாரத்துக்குப் பிறகுதான் புத்தி வந்தது. கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தது மடத்தனம். எந்தக் கப்பலில் ஏறினாலும் கட்டில் கட்டில்தான், இட்லி கிடைக்காது. பார்க்க வேண்டியது போகிற பாதை.

பாதை மூன்று. சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்குவது ஒன்று. இதில் அமெரிக்காக்காரனின் 1886ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று குறுக்கே நிற்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளை ஏற்றி, வேறு நாட்டுப் பக்கமே போகாமல், அமெரிக்காவிலேயே இறக்கக் கூடாது. அதனால் கடைசி நாள் சாயங்காலம் கனடாவின் விக்டோரியாவில் பேருக்கு நாலு மணி நேரம் நிறுத்துவான். நாம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு சாயா குடிக்கப் போவோமே, அந்தமாதிரி. அந்த நாலு மணி நேரத்துக்கும் நம்மைப்போல உள்ளவர்களுக்குக் கனடா விசா வேண்டும். எங்களுக்கு அது எப்படியும் வேண்டியதுதான். அலாஸ்கா அமெரிக்கா என்பதால் அந்த விசாவும். சென்னையில் இன்டர்வியூவில் எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டதும் நான் "ஐஸ் அணை" என்று ஆரம்பித்தேன். லில்லி காலை மிதித்துவிட்டு, "மகள் கூட்டிட்டுப் போறா" என்றாள். விசா கிடைத்தது.

ரெண்டாவது, வான்கூவரில் ஏறி வான்கூவரிலேயே இறங்குவது. மூன்றாவது, வான்கூவரில் ஏறி, வடக்கே விட்டியரில் இறங்கி, ஆங்கரேஜிலிருந்து விமானத்தில் திரும்புவது.

ரெண்டிலும் மூன்றிலும் கிளேசியர் பே வருகிற மாதிரிதான் சுபா பார்த்திருக்கிறாள். அது தேசியப் பூங்கா. ஒரு நாளைக்குப் பெரிய கப்பல் ரெண்டுக்குத்தான் அனுமதி. பூங்கா அலுவலர்கள் படகில் வந்து, ஓடுகிற கப்பலிலேயே ஏறி, ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்வார்கள். அந்தக் குடாவின் கதை பெரிய கதை, தாசு. 1750 வாக்கில் அங்கே குடாவே கிடையாது, முழுக்க ஐஸ். 1794இல் வான்கூவர் என்ற கப்பல் தலைவனின் ஆட்கள் வந்தபோது கரையில் சின்னதாக ஒரு பள்ளம், அதற்குப் பின்னால் ஐஸ் சுவர். 1879இல் ஜான் மியூர் என்ற இயற்கை ஆய்வாளர் வந்தபோது ஐஸ் அறுபது எழுபது கிலோமீட்டர் உள்ளே போய்விட்டிருந்தது. இப்போது நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்த ஐஸ் கிடந்த இடத்தில்தான் இன்றைக்குக் கப்பல் போகிறது. மார்ஜெரி பனியாற்றின் முன்னால் நிறுத்தி, ஒரு மணி நேரம் பைய ஒரு சுற்று சுற்றுவான், ரெண்டு பக்கத்து ஆளும் பார்க்கலாம். அதனால் இடது பக்க ரூமா வலது பக்க ரூமா என்று நான் எழுதிய ஆறு பக்கம் வீண்.

காலேஜ் ஃபியார்டு என்றும் ஓர் இடம். 1899இல் ஒரு கூட்டம் போய், அங்கே இருக்கிற பனியாறுக்கெல்லாம் ஹார்வர்டு, யேல் என்று காலேஜ் பெயராக வைத்துவிட்டு வந்திருக்கிறது. நம்ம பாலிடெக்னிக் பெயரில் ஒன்றும் இல்லை. விடு.

இப்போது உட்கார்ந்து கேள். மூன்றாவது பாதையில், சில தேதிகளில், ஹப்பார்டு வருகிறது.

ஹப்பார்டு! 1986! உனக்கு ஓர்மை இருக்கா? மூக்குப்பொடி சார் பேப்பரிலிருந்து வெட்டி, பேச்சிப்பாறை ஆபீஸில் நீர்மட்டம் குறிக்கிற கேஜ் ரிஜிஸ்டருக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்தாரே அந்தத் துண்டுச் செய்தி? அந்த ஐஸ் அணைதான் இது. வருஷக்கணக்காக முன்னால் ஊர்ந்துவந்த ஹப்பார்டு பனியாறு, அந்த வருஷம் ரஸ்ஸல் ஃபியார்டு என்ற கடற்குடாவின் வாயை அடைத்துவிட்டது. உள்ளே கடல்நீர் ஏரியாகிவிட்டது. மலையிலிருந்து வருகிற உருகுநீருக்குப் போக வழியில்லை. நீர்மட்டம் ஏறிக்கொண்டே போயிற்று. உள்ளே மாட்டிக்கொண்ட சீல்களை மீட்க ஆட்கள் போனார்கள். அக்டோபரில் உடைத்துக்கொண்டபோது மட்டம் 25 மீட்டர். கணக்குப் போடு மக்கா, 82 அடி. நம்ம அணைகளின் முழு மட்டமே பேச்சிப்பாறை 48, பெருஞ்சாணி 77. ஒரு மதகு கிடையாது, ஷட்டர் கிடையாது, மறுகால் கிடையாது, ராத்திரி முழுக்க கேஜைப் பார்த்துக்கொண்டு நிற்க ஒரு செல்லப்பனும் தாசும் கிடையாது. பெருஞ்சாணியைவிட உயரத்துக்குத் தண்ணீரைத் தேக்கியிருக்கிறது. மூக்குப்பொடி சார் அன்றைக்கு என்ன சொன்னார்? "டிசைன் இல்லாம கட்டினா இப்படித்தாம்ல போகும்." 2002இல் மறுபடியும் அடைத்தது. இந்தத் தடவை ஐஸ் முன்னால் தள்ளிக்கொண்டு வந்த மண்ணும் கல்லும். ஆகஸ்டில் தண்ணீர் அரித்துக்கொண்டு போய்விட்டது. உலகத்தில் பெரும்பாலான பனியாறுகள் பின்வாங்கிக்கொண்டிருக்க, இது முன்னால் வருகிறது. இன்னொரு தடவை அடைக்கும் என்கிறார்கள்.

122 கிலோமீட்டர் நீளம், தாசு. கன்னியாகுமரியிலிருந்து திருவனந்தபுரம் போய், மேலும் முப்பது கிலோமீட்டர் போனாலும் ஐஸ் முடியாது. கடலில் முட்டுகிற வாய் மட்டும் பத்துக் கிலோமீட்டர் அகலம். நான் நோட்டில் அந்தப் பக்கத்தில் கட்டம்கூடப் போடவில்லை. நேராக டிக் அடித்துவிட்டேன்.

இனிதான் நான் செய்த காரியம்.

லில்லி, விவேகானந்தர் பாறைக்குப் போகிற படகில்கூட ஏறமாட்டாள், உனக்குத் தெரியும். 2017க்கு முன்னால் அப்படி இல்லை. சின்னத்துறைப் பெண், மண்டைக்காட்டு அலையில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தவள். நவம்பர் 30, அந்த ஒக்கிப் புயலுக்கு அப்புறம்தான். நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கிற தங்கலுக்குப் போன அவள் தம்பி. கோயில் முற்றத்தில் நீயும் என் பக்கத்தில் நின்றாய், அதற்குமேல் எழுதத் தேவையில்லை. உடலும் இல்லை, ஒரு பலகையும் இல்லை. எட்டு வருஷமாக அவள் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள்.

சுபா கப்பல் என்று சொன்னதும் அவள் எழுந்துபோய்விட்டாள். நான் பின்னாலேயே போய், "இது கடலே இல்ல லில்லி, ரெண்டு பக்கமும் மலை, நடுவுல கால்வாய் மாதிரி, கோதையாறு கணக்குத்தான்" என்றேன். வான்கூவரிலேயே ஏறி இறங்குகிற பாதைக்கு அது ஏறக்குறைய உண்மை. தீவுகளின் மறைவிலேயே போகும், சில மணி நேரம்தான் திறந்த கடல். சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு வெளியே, பசிபிக்கில் போகும்; அதை நானே அடித்துவிட்டேன். ஆனால் ஹப்பார்டுக்குப் போகவேண்டுமானால் தீவுகளை விட்டு வெளியே, அலாஸ்கா வளைகுடாவுக்கு வந்தே ஆகவேண்டும். ஒரு ராத்திரியாவது முழுக்கத் திறந்த கடல். அதை நான் சொல்லவில்லை. டிக் அடித்துவிட்டு, படத்தை நோட்டுக்குள் மடித்துவைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை அவள் பின்வாசலில் சாளை கழுவிக்கொண்டிருந்தாள். நான் நோட்டைத் திண்ணையில் போட்டுவிட்டுக் கறிவேப்பிலை பறிக்கப் போனேன். திரும்பி வந்தால் படம் அவள் மடியில் விரிந்து கிடக்கிறது. ஈர விரலால் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டே போய், கரையை விட்டு விலகுகிற இடத்தில் நிறுத்தினாள். "இந்தக் கோடு ஏன் வெளிய போவுது?" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் விரலை எடுத்தபோது ஒரு செதிள், வெள்ளிக்காசு மாதிரி, வளைகுடா நடுவில் ஒட்டியிருந்தது. அடுத்த மீனை எடுத்துக் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். ரெண்டு நாள் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொல்கிறாள்: "ஒங்களுக்கு அந்த ஐஸ் அணையைப் பாக்கணும்னா போவோம். எனக்கு சன்னல் இல்லாத ரூம் போடச் சொல்லுங்க."

அப்படி ரூம் உண்டு, தாசு. கப்பலின் நடுவில், நாலு பக்கமும் சுவர். விலையும் அதுதான் குறைவு. என் நோட்டில் ஒன்பதாம் பக்கத்தில், 'லாபம்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

கோதையாறு என்று சொன்னபோது எனக்கே தெரியும் பொய் என்று. நாற்பது வருஷத்தில் அவளிடம் நான் சொன்ன பொய்களில் உனக்குத் தெரியாதது இது ஒன்றுதான், நீ சாட்சிக் கையெழுத்துப் போட்ட கல்யாணம் என்பதால் இதையும் பதிவு செய்கிறேன்.

சுபாவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்பணம் கட்டவேண்டும். அவளிடம் இதொன்றும் சொல்லவில்லை. லில்லி 'போவோம்' என்று சொன்னது சம்மதமா, அல்லது எனக்கு வைத்த கேஜா என்று தெரியவில்லை. உன்னைக் கேட்டால் நீ என்ன சொல்வாய் என்றும் தெரியும். ஆனாலும் உன் வாயால் கேட்கவேண்டும்.

வாட்ஸ்அப்பில் எழுதித் தொலைக்காதே, அவள் என் போனைப் பார்ப்பாள். சனிக்கிழமை ராத்திரி எட்டுமணிக்குக் கூப்பிடு. அவள் பக்கத்தில்தான் இருப்பாள். "அணையில வெள்ளம் எவ்வளவு கெடக்கு?" என்று நான் கேட்பேன். வான்கூவர் பாதை என்றால் 48 என்று சொல். ஹப்பார்டு என்றால் 77. வேறெதுவும் பேசாதே, நீ பேசினால் உளறிவிடுவாய். கோயம்புத்தூரில் இருக்கிறவனுக்குப் பேச்சிப்பாறை மட்டம் எப்படித் தெரியும் என்று லில்லி கேட்டால் அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மட்டிப்பழம் ஒரு தாரும், ஏத்தங்காய் வறுவல் ரெண்டு கிலோவும் பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன். தாரைக் கட்டித் தொங்கவிடு, உன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துக் கறுக்கவைத்துவிடாதே.

உன்
செல்லப்பன்