ஒட்டன்சத்திரம் பைபாஸில் உதவிய லாரி டிரைவர் அண்ணனுக்கு நன்றி

தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு என் பிக்கப்பில் வந்தபோது, பின்பக்கம் 'ஊம்ம்' என்ற இரைச்சல் பெரிதாகிவிட்டது. டயர் தேய்மானம் என்றார் ஒருவர். பின் அச்சு நடுவில் இருக்கும் கிரவுன் பல்சக்கரம் போய்விட்டது, இறக்கிப் பார்க்கணும் என்றார் இன்னொருவர். கிரவுன் வேலை என்றால் என்ன செலவு என்று வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

டீக்கடையில் நின்ற நீங்கள், கேட்காமலே வந்து பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டீர்கள். ஓடும்போது நியூட்ரல் போடச் சொன்னீர்கள், சத்தம் மாறவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தாலும் விட்டாலும் அதே சத்தம். கிரவுனாக இருந்தால் பெரும்பாலும் அதில் மாறும் என்றீர்கள். இடதுபுறம் லேசாக ஒடித்தால் கூடியது, வலதுபுறம் ஒடித்தால் அடங்கியது. "எடை வலப்பக்கம் சாயுறப்ப கத்துது, அப்ப வலது பின்சக்கர பேரிங்தான் தம்பி."

அப்புறம் முன்சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கி போட்டு, ஹேண்ட்பிரேக்கை விட்டுச் சக்கரத்தைச் சுற்றினீர்கள். என் கையைப் பிடித்து ஸ்பிரிங் பட்டைமேல் வைத்தீர்கள். மணல் அரைபடுவது போன்ற அந்த அதிர்வு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டமும் இருந்தது.

பட்டறையில் கழற்றியபோது நீங்கள் சொன்னதேதான். ஆயில் சீலும் கசிந்து பிரேக் லைனர் நனைந்திருந்தது. அதோடு மலைப்பாதையில் இறங்கியிருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது. பேரிங், சீல், லைனர் மூன்றும் மாற்றியாச்சு.

பெயர்கூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டீர்கள் அண்ணே. ரொம்ப நன்றி.