ஆறு சக்கரக் காருக்கு நாலு டயர் அனுப்பியது பற்றிய புகார்

அனுப்புநர்:
வேதியியல் ஆசிரியர், மேல்நிலைப் பள்ளி,
அம்பாசமுத்திரம், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, சென்னை.

பொருள்: 1/12 அளவு (அசலில் பன்னிரண்டில் ஒரு பங்கு) டிரெல் பி34 பந்தயக் கார் மாடலுக்கான மறுசீரமைப்பு செட்டில் டயர் குறைவு, டயர் ரப்பர் அல்ல, டீக்கல் (காரின் மேல் ஒட்டும் எழுத்து, எண் தாள்) அளவு தவறு – சரியான பொருளோ முழுப் பணமோ கோருதல்.

பார்வை: ஆர்டர் ரசீது, உங்கள் மின்னஞ்சல் பதில்கள், புகைப்படங்கள் (நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன).

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் இணையதளத்தில் '1/12 டிரெல் பி34 முழு மறுசீரமைப்பு செட்' என்று போட்டிருந்ததைப் பார்த்து 6,850 ரூபாய் கட்டி வாங்கினேன். பெட்டியைத் திறந்தால் பின் டயர் இரண்டு, முன் டயரும் இரண்டுதான். அந்தக் காருக்கு முன் டயர் நான்கு வேண்டும். எழுதிக் கேட்டதற்கு, காருக்கு உரிய நான்கு டயர்களும் அனுப்பப்பட்டுவிட்டன, ஆர்டர் முழுமை அடைந்தது, புகார் மூடப்படுகிறது என்று பதில் வந்தது. சரி, யாரோ அவசரத்தில் பார்த்திருப்பார்கள் என்று படத்தோடு மறுபடி எழுதினேன். அதே வாசகம் வந்தது, கீழே பெயர் மட்டும் வேறு. போனில் பேசிய பையன் தன்மையாகத்தான் கேட்டார்: "சார், கார்னா நாலு வீல்தானே சார்?" அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தாங்கள் விற்பது என்ன பொருள் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்தப் பொறுப்பு உங்களுடையது.

அதனால் முதலில் காரைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். டிரெல் பி34 என்பது 1976, 1977 ஆகிய இரண்டு ஆண்டுகள் ஃபார்முலா 1 பந்தயங்களில் ஓடிய ஆறு சக்கரக் கார். வடிவமைத்தவர் டெரக் கார்ட்னர். அந்தக் காலத்தில் பெரும்பாலான அணிகள் ஒரே காஸ்வொர்த் டிஎஃப்வி எஞ்சினைத்தான் வைத்திருந்தன. எஞ்சினால் ஒருவரை ஒருவர் முந்துவது கஷ்டம். பெரிய முன் சக்கரங்கள் துருத்திக்கொண்டு காற்றைத் தடுப்பதைக் குறைத்தால் வேகம் கிடைக்கும் என்று கார்ட்னர் கணக்குப் போட்டு, 10 அங்குலச் சிறு சக்கரங்களை மூக்கின் அகலத்துக்குள்ளேயே மறைத்தார். சக்கரம் சிறுத்தால் தரையைப் பிடிக்கும் பரப்பு குறையும் அல்லவா, அதை ஈடுகட்டத்தான் பக்கத்துக்கு இரண்டாக முன்னால் நான்கு வைத்தார். நான்கும் ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பும். ஓட்டுநர் முன் டயரைப் பார்த்துக்கொள்ள வசதியாக, அவர் உட்காரும் இடத்தின் இரண்டு பக்கமும் சின்ன ஜன்னல் வேறு உண்டு. 1976 ஜூன் 13 அன்று ஸ்வீடனில் ஆண்டர்ஸ்டார்ப் ஓடுதளத்தில் ஜோடி ஷெக்டர் முதலாவதாகவும் பத்ரிக் தெபாயே இரண்டாவதாகவும் வந்தார்கள், இருவரும் ஓட்டியது இந்தக் கார்தான். ஆறு சக்கரக் கார் ஒன்று ஃபார்முலா 1இல் ஜெயித்தது அந்த ஒரே தடவைதான். அப்புறம் சிறு டயர்களின் தரம் மற்ற டயர்களோடு சேர்ந்து முன்னேறவில்லை, காரின் எடையும் கூடியது, 1977 முடிவோடு கைவிட்டுவிட்டார்கள். 1983 முதல் நான்கு சக்கரத்துக்கு மேல் கூடாது என்று ஃபார்முலா 1 விதியே வந்துவிட்டது. உங்கள் சேவைப் பிரிவு அந்த விதியைத்தான் கடைப்பிடிக்கிறது போலும். மாடல் காருக்கு அந்த விதி கிடையாது.

நீங்கள் விற்பனைப் பக்கத்தில் போட்டிருக்கும் படத்திலேயே இந்தப் பக்கம் மூன்று சக்கரம் தெரிகிறது. எண்ணிப் பார்க்கலாம்.

என்னிடம் இருப்பது டாமியா என்ற ஜப்பானிய மாடல் நிறுவனத்தின் 1/12 மாடல், ஏறக்குறைய ஒன்றே கால் அடி நீளம். அதைச் செய்தவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் தாய்மாமா சரக்குக் கப்பலில் எஞ்சினீயராக இருந்தவர். எழுபதுகளின் கடைசியில் ஜப்பானில் கப்பல் நின்றபோது வாங்கி, திரும்பி வரும் வழியில் கேபினிலேயே உட்கார்ந்து கட்டினார். கல்லிடைக்குறிச்சி வீட்டுக் கண்ணாடி அலமாரியில் அது நாற்பது வருஷத்துக்கு மேல் நின்றது. நம் பக்கத்து வெயிலும் சாரலும் மாறி மாறி அடித்ததில் டீக்கல் எல்லாம் பழுத்து உதிர்ந்துவிட்டது, பெயிண்ட் தூளாகிவிட்டது. டயரின் கதைதான் மோசம். ரிம்மிலிருந்து அதைக் கழற்றப் போனால் குரோம் பூச்சும் அடியிலிருந்த பிளாஸ்டிக்கும் குழைந்து டயரோடு இழுபட்டுக்கொண்டு வந்தன.

பிரிப்பதற்கே பொறுமை வேண்டும். பாகங்களை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் பழைய பசை நொறுங்கி மூட்டு விடும். ஐஸ் டிரே பக்கத்தில் வி8 எஞ்சின் இருந்ததற்காக வீட்டில் கொஞ்சம் பேச்சும் வாங்கினேன். அப்புறம் பிரேக் ஆயிலில் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷால் தேய்த்தால் பழைய எனாமல் பெயிண்ட் சுருண்டு வரும். சோப்புத் தண்ணீரில் கழுவி, வாட்டர் பேப்பர் போட்டு, பிரைமர் அடித்து, நீலம் அடிக்க வேண்டும். சாரல் நேரத்தில் ஸ்பிரே அடித்தால் ஈரக்காற்றில் பெயிண்ட் வெளுத்துப் பூத்துவிடும் என்பதால் பங்குனி வரும்வரை காத்திருந்து, காலையில் வெயில் ஏறுமுன் மொட்டைமாடியில் அடித்தேன். முன் ரிம்களில் இரண்டு தேறவே இல்லை. எங்கள் ஊரில் மரச் செப்புச் சாமான் கடைகிற அண்ணாச்சி ஒருவரிடம் நல்ல ரிம் ஒன்றைக் கொடுத்து, இதே போல இரண்டு வேண்டும் என்றேன். 10 அங்குலம் 1/12 ஆனால் 21 மில்லிமீட்டர் சொச்சம். அவர் காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முன்னாடி நாலா சார்?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, அதே அளவில் மரத்திலேயே கடைந்து கொடுத்தார். உங்கள் நிறுவனத்தில் யாரும் கேட்காத கேள்வி அது.

இனி டயருக்கு வருகிறேன். விற்பனைப் பக்கத்தில் 'அசல் ரப்பர்' என்று போட்டிருந்தீர்கள். விலை கூடுதலாக இருந்தும் நான் வாங்கியது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். பழைய டயர் ரிம்மைத் தின்றதற்குக் காரணம், அது மென்மையான பிவிசி. பிவிசி இளகி இருப்பதற்காகச் சேர்க்கும் பொருள் வருஷக்கணக்கில் மெல்லக் கசிந்து வெளியே வரும். பக்கத்தில் மாடல் செய்கிற பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் இருந்தால் அதை இளக்கிவிடும். மாடல் கட்டுகிற எல்லாருக்கும் தெரிந்த தொல்லை இது. பெரிய மாடல்களில் ரிம் பெரிதாக இருப்பதால் கேடும் பெரிதாகத் தெரியும். உங்கள் டயரை மோந்து பார்த்தபோதே எனக்குச் சந்தேகம். புது மழைக்கோட்டு வாசனை அடித்தது.

பள்ளி ஆய்வகத்தில் பார்த்துவிட்டேன். செம்புக் கம்பியின் நுனியைச் சுடரில் நிறம் எதுவும் வராத வரைக்கும் காய்ச்சி, சூட்டோடு டயரின் உள்விளிம்பில் தொட்டேன். துளி உருகி ஒட்டியது. மறுபடி சுடரில் காட்டியதும் பளிச்சென்று பச்சை. பெயில்ஸ்டைன் சோதனை என்று பெயர், குளோரின் போன்ற ஹாலஜன் இருந்தால் அப்படி எரியும். ஒப்பிட்டுப் பார்க்க, கத்தைத் தாளுக்குப் போடுகிற சாதாரண ரப்பர் வளையத்திலும் அதே கம்பியால் செய்து பார்த்தேன். பச்சை வரவில்லை. அது போக, உங்கள் டயரை ஒரு உபரி பாலிஸ்டைரீன் துண்டின் மேல் வைத்து மாடி வெயிலில் விட்டிருந்தேன். எடுத்துப் பார்த்தால், டயர் உட்கார்ந்த இடத்தில் பளபளவென்று ஒரு வட்டம், விரல் வைத்தால் பிசுபிசுப்பு. மாமாவின் பழைய ரிம்கள் இன்னும் நான்கு நன்றாக இருக்கின்றன. அவற்றில் இந்த டயரை மாட்டினால் எந்த நோய்க்கு வைத்தியம் பார்க்கிறேனோ அதையே திரும்ப ஏற்றிவிட்டதாகும்.

அடுத்தது டீக்கல். தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டுகிற தாள். அது இருந்த உறையில் '1/12' என்று சின்ன வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. தாளைக் காரின் பக்கத்தில் வைத்ததும் ஏதோ சிறுத்துத் தெரிகிறதே என்று ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிள்ளினேன். அடியில் அச்சில் '1/20' என்று இருந்தது. இதே கார் 1/20 அளவிலும் மாடலாக வந்திருக்கிறது, குழப்பம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. ஆனால் குழப்பம் தானாகப் போய் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளாது. என் மாடலில் 20 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய எழுத்து இந்தத் தாளில் 12 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஷெக்டர் ஓட்டிய காரின் 3ஆம் எண்ணை மூக்கின் மேல் வைத்துப் பார்த்தேன். சட்டையில் பொத்தான் மாதிரி இருந்தது. இதைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் கேட்டால், உறை பிரிக்கப்பட்டுவிட்டதால் முடியாது என்கிறீர்கள். பிரிக்காமல் அளவு எப்படித் தெரியும்?

செட்டில் நல்லதும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். போட்டோ எட்ச் தகடு, அதாவது அமிலத்தால் அரித்து நுண்பாகங்கள் வெட்டிய மெல்லிய உலோகத் தகடு, அருமை. ரேடியேட்டர் வலை அவ்வளவு நுட்பம், வளைத்த இடத்தில் ஒடியவில்லை. அலுமினியத்தில் கடைந்த காற்றுக் குழல்கள் எட்டு சிலிண்டருக்கு எட்டு இருந்தன, எட்டும் ஒரே உயரம். அதை வைத்ததும் எஞ்சினுக்கு முகக்களை வந்துவிட்டது. இவற்றைச் செய்தவர் யாரோ காரைப் பார்த்துத்தான் செய்திருக்கிறார். பெட்டி கட்டியவர் பார்க்கவில்லை.

மாமாவின் சதாபிஷேகத்துக்குள் முடித்து, கூடத்தில் வைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவசரமாக ஆர்டர் போட்டேன். உங்களோடு எழுதிக்கொண்டிருந்ததிலேயே அந்த நாள் வந்துவிட்டது. இருந்த இரண்டு முன் டயரை முதல் ஆக்சிலில் சும்மா கோத்து, இரண்டாவது ஆக்சிலை வெறும் ரிம்மோடு வைத்தோம். அந்தச் சின்ன ஜன்னல் வழியாக வெறும் ரிம் தெளிவாகத் தெரிந்தது. வந்தவர்களில் பாதிப் பேர், "ஏ, இதுல டயரைக் காணுமே?" என்று கேட்டுவிட்டுத்தான் பந்திக்குப் போனார்கள். மாமா யாருக்கும் பதில் சொல்லவில்லை, என்னைக் கைகாட்டிவிட்டார்.

சட்டப்படி என்ன என்பதையும் எழுதிவிடுகிறேன். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் குறைதீர் அலுவலர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லக் கூடாது. உறை பிரித்தது, பிரிக்காதது என்ற உங்கள் நிபந்தனை இதற்கு மேலே நிற்காது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. அதாவது நான் சென்னைக்கு வர வேண்டியதில்லை, திருநெல்வேலி நுகர்வோர் ஆணையத்துக்கு நீங்கள்தான் வர வேண்டியிருக்கும். அதற்கு முன்பு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்வேன். மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூடிய புகாரைத் திறக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். உண்மையான ரப்பரில் முன் டயர் நான்கும் பின் டயர் இரண்டும், 1/12 அளவு டீக்கல் தாளும் அனுப்புங்கள். வைத்திருப்பவற்றை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் டயர் உங்களிடம் இல்லையென்றால் இல்லை என்று சொல்லி, முழுப் பணத்தையும் திருப்பிவிடுங்கள். தகடும் குழல்களும் சேர்த்தே அனுப்பிவிடுகிறேன், மனசில்லாமல்தான். எது செய்தாலும், விற்பனைப் பக்கத்தில் 'அசல் ரப்பர்' என்பதை எடுத்துவிட்டு, டயர் எத்தனை என்று எண்ணிக்கையாகப் போடுங்கள்.

டீக்கலை இந்தத் தடவை கவரில் மடித்துப் போடாமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பவும். பள்ளி விட்டு நான் வீடு வர மாலை ஐந்து ஆகும். அதற்கு முன்னால் கூரியர் வந்தால் பக்கத்து மளிகைக் கடையில் கொடுத்துவிடலாம், சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
அம்பாசமுத்திரம்.

இணைப்பு: ரசீது நகல், மின்னஞ்சல் நகல்கள், ஸ்டிக்கரைக் கிள்ளிய டீக்கல் உறையின் படம், பச்சைச் சுடரின் படம், காரின் இடப்பக்கப் படம்.