புல்வெளியில் பரவும் பைன் கன்றுகளை அகற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
மலைக்கிராமப் பொதுமக்கள்,
கொடைக்கானல் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட வன அலுவலர் அவர்கள்,
கொடைக்கானல் வனக்கோட்டம்.

பொருள்: 2030 குறிஞ்சிப் பூப்புக்கு முன் புல்வெளியிலுள்ள பைன் கன்றுகளை அகற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் மலையில் குறிஞ்சி கடைசியாக 2018இல் பூத்தது. பூத்து விதை போட்டதும் அந்தச் செடிகளெல்லாம் காய்ந்துவிட்டன. இப்போது நிற்பவை அந்த விதைகளில் வந்தவை. இவை 2030 வரை பிழைத்துக் கிடந்தால்தான் பூ. நடுவில் போய்விட்டால் 2042க்கு விதையும் மிஞ்சாது.

போன வாரம் எங்கள் ஊர்ச் சரிவில் ஏறிப் பார்த்தோம். முழங்கால் உயரக் குறிஞ்சிப் புதர்களுக்கு நடுவே பைன் கன்றுகள் இடுப்பளவுக்கு வந்துவிட்டன. இன்னும் மேலே, வளர்ந்த மரங்களின் அடியில் சருகைக் கையால் விலக்கினோம். நாலு விரல் கனத்துக்கு ஊசிச் சருகு. அதற்குக் கீழே ஒரு புல் இல்லை, குறிஞ்சி எங்கே முளைக்கும்?

மெக்சிகோவிலிருந்து வந்த இந்தப் பைன், விறகுக்கும் காகிதக் கூழுக்கும் எத்தனையோ நாடுகளில் நடப்படும் மரம். அதன் விதைக்கு இறக்கை உண்டு, காற்றில் வெகுதூரம் போகும். குறிஞ்சியோ தென்னிந்திய மலைகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் விதைக்கும்; காய் வெடித்தாலும் விதை பக்கத்திலேயே விழும். இரண்டையும் ஒரே சரிவில் விட்டால் எது ஜெயிக்கும் என்று தங்களுக்குத் தெரியாததல்ல. 2024இல் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலிலும் குறிஞ்சி அழியும் ஆபத்துள்ள செடியாகச் சேர்க்கப்பட்டது.

சுற்றுலாப் பயணிகள் வந்து பார்க்கும் பழைய பைன் தோப்பை வெட்டச் சொல்லவில்லை. புல்வெளிக்குள் புதிதாக முளைத்த கன்றுகளை மட்டும் எடுத்தால் போதும். சின்னக் கன்றை மழை பெய்த மறுநாள் கையாலேயே பிடுங்கிவிடலாம். இன்னும் நாலைந்து வருடம் போனால் ரம்பம் வேண்டும். வேலை தொடங்குமுன் குறிஞ்சிப் புதர்களுக்கு அடையாளக் குச்சி நட வேண்டும், இல்லாவிட்டால் மிதிபட்டே போய்விடும். எந்தச் சரிவில் எங்கே குறிஞ்சி இருக்கிறது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். வனக்காவலர்களுடன் வந்து காட்டவும், கூட நின்று வேலை செய்யவும் தயாராக இருக்கிறோம். அப்புறம், மரம் நடு விழா என்று யார் கேட்டாலும் புல்வெளியில் அனுமதி தர வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

அயல் தாவரங்களை அகற்ற 2022இல் தமிழக அரசு கொள்கையே வகுத்திருக்கிறது. அதன்கீழ் எங்கள் சரிவையும் சேர்த்து, வரும் மழைக்காலத்திலேயே வேலையைத் தொடங்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: சரிவின் வரைபடம், புகைப்படங்கள், ஊரார் கையெழுத்துகள்.