இராமநாதபுரம் மாவட்டத்தின் விளைச்சல் திட்டத்தைக் கண்மாயிலிருந்து தொடங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
இராமநாதபுரம் மாவட்டத்தைச் சொந்த ஊராகக் கொண்டு, தில்லியில் இந்திரபுரி, கரோல் பாக், ஆர்.கே.புரம், மயூர் விஹார் பகுதிகளில் வசிக்கும் வேளாண் குடும்பத்தினர்.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
மத்திய வேளாண்மை மற்றும் உழவர் நலத் துறை,
கிருஷி பவன், புது தில்லி – 110001.

நாள்: 24.11.2025

பொருள்: பிரதமரின் தன் தான்ய கிருஷி யோஜனாவின் கீழ் இராமநாதபுரம் மாவட்டத்துக்கான திட்டத்தில் கண்மாய்களையும் (பாசன ஏரிகள்) அவற்றுக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்களையும் சீரமைக்கும் பணியை முதல் ஆண்டுப் பணியாகச் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனுவில் கையெழுத்திட்டிருக்கும் நாங்கள் அனைவரும் முதுகுளத்தூர், கமுதி, கடலாடி, பரமக்குடி வட்டங்களில் நிலம் உள்ளவர்கள். வானம் பொய்த்த ஆண்டுகளில் ஒவ்வொருவராகத் தில்லிக்கு வந்து, சிலர் அரசு அலுவலகங்களிலும், சிலர் உணவகங்களிலும், பெண்களில் பலர் வீட்டு வேலைகளிலும் பிழைப்பைத் தேடிக்கொண்டோம். ஊரில் உள்ள நிலத்தை உடன்பிறந்தவர்களோ, வாரத்துக்கு எடுத்த உறவினர்களோ உழுகிறார்கள். இங்கே நாங்கள் சம்பாதிப்பதில் ஒரு பகுதி ஆண்டுதோறும் புரட்டாசி மாதத்தில் உழவுக் கூலியாகவும் விதையாகவும் உரமாகவும் அந்த மண்ணுக்குள் போகிறது. அது திரும்பி வந்த ஆண்டுகளைவிடத் திரும்பாத ஆண்டுகளே எங்கள் நினைவில் அதிகம். ஆகவே, தலைநகரில் குடியிருப்பவர்களுக்கு அந்த வறண்ட மாவட்டத்தின் விளைச்சலைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று தாங்கள் எண்ணிவிடலாகாது என்று முதலிலேயே பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

2025-26 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட பிரதமரின் தன் தான்ய கிருஷி யோஜனா, ஜூலை மாதம் அமைச்சரவையின் ஒப்புதலைப் பெற்று, அக்டோபர் 11 அன்று இதே தில்லியின் பூசா வளாகத்தில் மாண்புமிகு பிரதமர் அவர்களால் தொடங்கி வைக்கப்பட்டது. விளைச்சலும், ஒரே நிலத்தில் மறுபோகம் எடுக்கும் வாய்ப்பும், பயிர்க்கடன் வழங்கலும் குறைந்த 100 மாவட்டங்களைத் தேர்ந்து, 11 துறைகளின் 36 திட்டங்களை ஒன்றிணைத்து, ஆண்டுக்கு 24,000 கோடி ரூபாய் வீதம் 6 ஆண்டுகளுக்குச் செலவிடுவது என்ற முடிவில் தமிழ்நாட்டிலிருந்து சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களுடன் எங்கள் இராமநாதபுரமும் இடம் பெற்றிருக்கிறது. 2018-இல் முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலிலும் எங்கள் மாவட்டம் சேர்க்கப்பட்டது. பின்தங்கிய பட்டியலில் பெயர் வருவது பெருமையல்ல. ஆனாலும் அரசு எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கிறது என்பதற்காக நாங்கள் உண்மையாகவே நன்றி செலுத்துகிறோம்.

நன்றியோடு ஓர் அச்சமும் இருக்கிறது. மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கென எல்லா உதவிகளையும் ஒரே நேரத்தில் தரும் முறை நம் நாட்டுக்குப் புதியதன்று. 1960-61-இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் தொடங்கப்பட்டபோது அன்றைய சென்னை மாநிலத்திலிருந்து தஞ்சாவூரும், பஞ்சாபிலிருந்து லூதியானாவும் தேர்ந்தெடுக்கப்பட்டன. விதை, உரம், கடன், ஆலோசனை அனைத்தும் சேர்ந்து சென்ற அந்த இடங்களில் உறுதியான பாசனம் ஏற்கெனவே இருந்தது. இருந்த நீரின்மேல்தான் அந்தத் திட்டம் கட்டப்பட்டது. இன்றைய திட்டமோ அதற்கு நேர்மாறாக, விளைச்சல் குறைந்த இடங்களைத் தேடி வருகிறது. அது நியாயமான முடிவு என்றே நாங்கள் கருதுகிறோம். ஆனால் தஞ்சைக்குப் போன அதே பொட்டலத்தை, அதே வரிசையில், நீர் நிற்காத முதுகுளத்தூருக்குக் கொண்டுவந்து பிரித்தால் விதையும் உரமும் வீணாகும். கடன் மட்டும் மிஞ்சும்.

எங்கள் பகுதியில் விளைச்சல் எந்த இடத்தில் கைவிட்டுப் போகிறது என்பதைக் கண்ணால் கண்டதை வைத்தே சொல்ல விரும்புகிறோம். இம்மனுவை எழுதும் என் குடும்பத்து நன்செய், ஒரு கண்மாயின் மூன்றாம் மடைக்கு (நீர் திறந்துவிடும் மதகு) கீழே இருக்கிறது. எங்கள் பக்கம் நாற்று விட்டு நடும் வழக்கம் குறைவு. மழைக்கு முன்பே புழுதி விதைப்பாக விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்போம். சில ஆண்டுகளுக்கு முன் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பயிர் இடுப்பளவு நின்றது. தூரத்திலிருந்து பார்த்தால் குறை சொல்ல முடியாது. கதிர் பால் பிடித்த நாளில் மடை வற்றிவிட்டது. வாய்க்காலில் சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. என் அண்ணன் ஒரு கதிரை உருவி என் உள்ளங்கையில் கொட்டி ஊதினார். பாதிக்கு மேல் பறந்து போயிற்று. மணி பிடிக்காமல் சாவியாகிப்போன அந்த நெல்லுக்கு விதையில் குறையில்லை, அடியுரத்தில் குறையில்லை, களையெடுப்பிலும் குறையில்லை. இன்னும் இரண்டு தண்ணீர் பாய்ந்திருந்தால் அது வீட்டுக்கு வந்திருக்கும்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, கார்த்திகை மழையில், எங்களுக்கு மேலேயுள்ள கண்மாயின் கலுங்கு (நிறைந்த கண்மாயின் உபரி நீர் வெளியேறும் இடம்) வழிந்து ஓடியது. அந்த நீர் எங்கள் கண்மாய்க்குத்தான் வந்து சேர்ந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள வரத்துக்காலில் சீமைக் கருவேலம் சுவர்போல் அடைத்து நிற்பதால், வழிந்த நீர் பாதை மாறிப் பொட்டலில் பரவிப் போனது. மழை பெய்யாமல் பயிர் காய்ந்தால் விதியென்று பொறுத்துக்கொள்ளலாம். பெய்த மழை கைக்கெட்டும் தூரத்தில் வீணாகப் போன பிறகு பயிர் காய்வதைப் பொறுத்துக்கொள்வது கடினம்.

எங்கள் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் வந்துவிடுகிறது. நிலத்தடி நீர் பெரும்பாலும் உவராக இருப்பதால் ஆழ்துளைக் கிணறு எங்களுக்குக் கைகொடுக்காது. வைகையின் கடைக்கோடியில் இருப்பதால் ஆற்று நீரும் நிச்சயமில்லை. இந்த மூன்றையும் அறிந்துதான் எங்கள் முன்னோர் ஒரு கண்மாயின் உபரி அடுத்த கண்மாய்க்குப் போகும்படி சங்கிலியாக வெட்டி வைத்தார்கள். இராஜசிங்கமங்கலத்துக் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று இன்றும் சொல்கிறோம். சேதுபதி மன்னர்கள் காலத்து ரெகுநாத காவேரிக் கால்வாய், குண்டாற்று நீரை எங்கள் வட்டத்துக் கண்மாய்களுக்குக் கொண்டுவருவதற்காகவே வெட்டப்பட்டது. கண்மாய் என்பது எங்களுக்குப் பாசன வசதிகளில் ஒன்று அன்று. பயிரின் உயிரே அதில்தான் இருக்கிறது.

அந்தச் சங்கிலி அறுந்து கிடப்பதற்குப் பணம் மட்டும் காரணமல்ல. தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்கு, அதாவது 100 ஏக்கருக்கு, மேற்பட்ட ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலப்பரப்பு) உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. இடையில் ஓடும் வரத்துக்கால் வருவாய்த் துறைப் பதிவேட்டில் புறம்போக்காக இருக்கிறது. ஒரு துறை தன் கண்மாயைத் தூர்வாரி முடித்து அறிக்கை அனுப்பிவிடுகிறது. மற்றொரு துறை வேறோர் ஆண்டில் வேறொரு கண்மாயின் கரையைப் பலப்படுத்துகிறது. இரண்டையும் இணைக்கும் கால் யாருடைய பட்டியலிலும் வருவதில்லை. 2017-இல் மாநில அரசு, ஊர் மக்களைக் கொண்டே நீர்நிலைகளைச் சீரமைக்கும் குடிமராமத்துப் பணியை மீண்டும் தொடங்கியபோது எங்கள் ஊரில் கரை உயர்ந்தது, மடையும் புதிதாகக் கட்டப்பட்டது. அதை நாங்கள் மறக்கவில்லை. அதே ஆண்டு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டதும் நினைவிருக்கிறது. வெட்டிய மரம் அடுத்த மழைக்குத் தூரிலிருந்து தழைத்துவிட்டது. வேரோடு பிடுங்காமலும், பிடுங்கிய இடத்தைப் பிறகு கவனிக்க ஆள் வைக்காமலும் அந்த மரத்தை வெல்ல முடியாது. மேலும், அந்த மரத்தை எரித்துக் கரியாக்கும் கரிமூட்டம் போட்டே பிழைக்கும் ஏழைக் குடும்பங்கள் எங்கள் பகுதியில் நிறைய உண்டு. வேரோடு அகற்றும் வேலையையும் அதன் கூலியையும் அவர்களுக்கே தருவது முறையாக இருக்கும்.

எனவே எங்கள் தலையாய கோரிக்கை இதுதான். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான தன் தான்ய குழு தயாரிக்கும் மாவட்டத் திட்டத்தில், தனித்தனிக் கண்மாயாக எடுக்காமல், ஆறோ கால்வாயோ தொடங்கும் இடத்திலிருந்து கடைசிக் கண்மாய் வரை ஒரு முழுச் சங்கிலியை ஒரே பணியாக எடுத்து, அதற்கு ஒரே பொறியாளரைப் பொறுப்பாக்கி, 100 ஏக்கர் என்ற எல்லைக்கோடு குறுக்கே வராமல் நிதி வழங்க வேண்டும். வரைவு ஏற்கெனவே தயாராகியிருக்குமானால் அதைத் திருத்த ஆவன செய்ய வேண்டும். நீர்ப்பாசனத்தை மேம்படுத்துவது இத்திட்டத்தின் ஐந்து நோக்கங்களில் ஒன்றாகவே அறிவிக்கப்பட்டுள்ளது. நீர்நிலைகளைப் பழுதுபார்த்துப் புதுப்பிக்கும் பிரிவு பிரதமரின் வேளாண் பாசனத் திட்டத்திலும் இருக்கிறது. ஆகவே நாங்கள் புதிதாக ஒரு திட்டம் கேட்கவில்லை. இருப்பனவற்றுள் இதை முன்னால் வையுங்கள் என்றே கேட்கிறோம்.

இதனோடு ஒட்டிய இன்னொன்று, விளைச்சலை அளக்கும் முறை. 117 குறியீடுகளைக் கொண்டு மாதந்தோறும் முன்னேற்றம் கண்காணிக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. எங்கள் மாவட்டத்தில் நல்ல மழை பெய்த ஓர் ஆண்டின் ஏக்கர் விளைச்சலைக் காட்டி முன்னேற்றம் என்று எழுதிவிடுவது எளிது. அடுத்த ஆண்டே அது பொய்யாகிவிடும். ஆகவே, விதைத்த பரப்பு எவ்வளவு, அதில் அறுவடைக்கு வந்தது எவ்வளவு என்ற இரண்டையும் அருகருகே, கண்மாய் வாரியாகப் பதிவு செய்ய வேண்டுகிறோம். ஏக்கருக்கு இரண்டு மூட்டை கூடுவதைவிட, விதைத்ததெல்லாம் வீடு வந்து சேர்வதே எங்களுக்குப் பெரிய விளைச்சல்.

விதையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மானாவாரிக்கேற்ற ‘அண்ணா 4’ நெல்லை 2009-இல் வெளியிட்டது எங்கள் பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையமே. ஏறக்குறைய 105 நாளில் அறுவடைக்கு வருவதால் நீர் வற்றும் முன் அது தப்பிவிடுகிறது. அதன் சான்று விதை ஆவணிக்குள் ஒவ்வொரு வேளாண் விரிவாக்க மையத்திலும் தேவையான அளவு இருந்தால் போதும்.

மிளகாயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது; ஏனென்றால் எங்கள் பெண்களின் கையில் காசு புழங்குவது அதனால்தான். இராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய தில்லியின் காரி பாவ்லி சந்தையில் ஒரு மொத்தக் கடையில் அதே உருண்டை மிளகாயை, அதே தடித்த தோலோடும் கருஞ்சிவப்போடும், சாக்கு நிறையப் பார்த்தேன். எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டதற்கு ‘மதராஸ்’ என்று மட்டும் சொன்னார்கள். எங்கள் ஊர்ப் பெயர் அந்தச் சாக்கில் இல்லை. ஆகவே அந்தப் பெயருக்குரிய விலையும் எங்கள் ஊருக்கு வருவதில்லை. பழத்தை வெறுந்தரையிலும் சாலையோரத்திலும் காய வைக்கிறோம். மாசி மாதத்தில் ஒரு தூறல் விழுந்தாலும் வத்தல் வெளுத்துப் பூஞ்சை பிடித்து, கமிஷன் கடையில் பாதி விலைக்குக்கூடப் போகாது. ஊராட்சி அளவிலும் வட்டார அளவிலும் சேமிப்பு வசதி அமைப்பது இத்திட்டத்தின் நோக்கமாதலால், கிடங்குக்கு முன்பு சிமெண்ட் உலர்களமும் தார்ப்பாயும் தர வேண்டுகிறோம். காயாத வத்தலைக் கிடங்கில் அடுக்கிப் பயனில்லை. பயிர்க் காப்பீட்டில் மிளகாய் போன்ற தோட்டக்கலைப் பயிருக்கு 5 சதவீதம் வரை விவசாயி கட்டுகிறார். ஒரு கண்மாய் நிறைந்து அடுத்தது காயும் மாவட்டத்தில் இழப்பீட்டைக் கணக்கிடும் அலகு வருவாய்க் கிராமத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்பதையும் பரிசீலிக்க வேண்டுகிறோம்.

கடன் விஷயத்தில் எங்கள் தரப்பிலும் தவறு உண்டு; அதை மறைக்கவில்லை. பட்டா இன்னும் பாட்டன் பெயரிலோ, பத்துப் பேர் பெயரில் கூட்டுப் பட்டாவாகவோ கிடக்கிறது. அதில் நான்கு பேர் தில்லியில், இரண்டு பேர் மும்பையில். உண்மையில் உழுபவரிடம் தன் பெயரில் ஒரு காகிதமும் இல்லை. வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் அவர் நின்று திரும்புவதற்கு நாங்களும் ஒரு காரணம். ஊரை விட்டுப் போனவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவது பொங்கலுக்கும் குலதெய்வக் கோயில் மாசிக் களரிக்கும்தான். அந்த நாட்களில் கிராமங்களிலேயே வருவாய்த் துறை முகாம் நடத்தி, பட்டா மாறுதலையும், உழுபவருக்குச் சாகுபடிச் சான்றையும், உழவர் கடன் அட்டைக்கான விண்ணப்பத்தையும் ஒரே இடத்தில் முடித்துத் தர ஏற்பாடு செய்தால், பங்குதாரர்களான நாங்கள் நேரில் வந்து சம்மதக் கையெழுத்திடுவோம் என்று இம்மனுவின் மூலம் உறுதி கூறுகிறோம். வருகின்ற பொங்கலுக்கே அந்த முகாம் அமையுமானால் ஓர் ஆண்டு வீணாகாது.

மேற்கண்டவற்றைப் பரிசீலித்து, எங்கள் மாவட்டத்துக்கென நியமிக்கப்பட்டுள்ள மத்தியப் பொறுப்பு அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் தக்க அறிவுரை வழங்குமாறும், எங்களில் ஐவரைக் கிருஷி பவனில் தாங்கள் குறிக்கும் நாளில் நேரில் சந்தித்து, நாங்கள் கையால் வரைந்து வைத்திருக்கும் கண்மாய்ச் சங்கிலி வரைபடத்தைப் பார்வையிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். எந்த வேலை நாளாயினும் விடுப்பு எடுத்துக்கொண்டு வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்
(கையெழுத்துகளும் நில விவரங்களும் தனித்தாளில்)

இடம்: புது தில்லி

நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், இராமநாதபுரம் – தகவலுக்காகவும் நடவடிக்கைக்காகவும்.